டிரினிடாட் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துத் திட்டமிடுங்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது: ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும், மனைவி, பதினொரு வயது மகளுடன் டிரினிடாட், டொபாகோ என்ற இரண்டு தீவுகள் சேர்ந்த கரீபியன் நாட்டுக்கு 12 நாள் போக நினைக்கிறீர்கள். மூவரும் சைவம். அங்கே பாதுகாப்பு எப்படி, சாப்பாடு கிடைக்குமா, எதையெல்லாம் பார்க்கலாம் என்று மூன்று கேள்விகள். இரண்டு முறை படித்த பிறகு, இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் பட்டது. இவ்வளவு செலவு செய்து, இரண்டு மூன்று விமானம் மாறி, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போக அந்த நாடு தகுமா என்பதுதான் அது.

தகும். பாயின்ட் லிசாஸ் தொழிற்பேட்டையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன், பக்கத்தில் கூவா என்ற ஊரில் குடியிருந்தேன், என் பிள்ளைகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போனார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் கரீபியன் என்றதும் மனதில் வரும் படத்தை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். டிரினிடாட் பெட்ரோலும் இயற்கை எரிவாயுவும் எடுத்துப் பிழைக்கும் நாடு. பயணிகளை நம்பி அது நடக்கவில்லை. அதனால் எதுவும் உங்களுக்காக நாள் முழுக்கத் திறந்து காத்திருக்காது. காலை 6 மணிக்குக் கிடைக்கும் பலகாரம் 10 மணிக்குத் தீர்ந்துபோகும். பறவைகள் மாலை 5 மணிக்கு மேல்தான் வரும், ஆமைகள் இருட்டிய பிறகுதான் வரும். ஒரு கோவில் கடல் ஏறியிருக்கும்போது ஒரு மாதிரியும் வற்றியிருக்கும்போது வேறு மாதிரியும் தெரியும். பகலில் தைரியமாக நடக்கிற தெருவில் இருட்டிய பின் நடக்கக் கூடாது. அந்த ஊரில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். கீழே சொல்வதெல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் காகித வேலை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சுற்றுலாவுக்கு 90 நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்பதுதான் நான் அறிந்த விதி. விதிகள் மாறக்கூடியவை. அதனால் டிக்கெட் வாங்கும் முன் புது டெல்லியில் இருக்கும் டிரினிடாட் தூதரகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வருகிற பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் விமான நிலையத்தில் கவுன்டரில் இருப்பவர்களுக்கு இந்த நாட்டுக்குப் போகும் பயணி அபூர்வம். அந்தக் காகிதம் அரை மணி நேர வாக்குவாதத்தை மிச்சப்படுத்தும். திரும்பி வரும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் அங்கே இறங்கியதும் கேட்பார்கள். ஆனால் பலர் மாட்டிக்கொள்வது டிரினிடாட் விசாவில் இல்லை, வழியில்தான். அமெரிக்கா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். கனடாவுக்கும் லண்டனுக்கும் இடைமாற்ற அனுமதி விதிகள் தனித்தனி. அதிலும் லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி காட்விக்கில் ஏற வேண்டிய டிக்கெட் என்றால் ஊருக்குள் நுழைகிற கணக்காகிவிடும். விலை குறைவு என்று பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. இதை யாரும் முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து வருகிறவர்களிடம் டிரினிடாட் அந்த ஊசிச் சான்றிதழைக் கேட்பதில்லை. கேட்பது நம் நாடு, அதுவும் நீங்கள் திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள இடங்களின் பட்டியலில் டிரினிடாட் தீவு இருக்கிறது, டொபாகோ இல்லை. சான்றிதழ் இல்லாமல் இங்கே இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு அந்த நாட்களைக் கழித்தது. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு ஊசி போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் போட்டு வாங்கும் மஞ்சள் அட்டைதான் செல்லும், பக்கத்து கிளினிக் சீட்டு செல்லாது. உங்கள் மகளின் வயதுக்குப் பொதுவாகத் தடை எதுவும் இல்லை. முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, 60 வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள் கூட வந்தாலோ மருத்துவரிடம் பேசிவிட்டுப் போடுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஒரு அமெரிக்க டாலருக்கு 6.7, 6.8 டிரினிடாட் டாலர் என்ற அளவில்தான் பல வருடமாக நிற்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கே வங்கியில் அமெரிக்க டாலர் கிடைப்பது கஷ்டம். அதனால் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள், மிச்சத்தைத் திரும்ப அமெரிக்க டாலராக மாற்றுவது லேசில் நடக்காது. மின்சாரம் 115 வோல்ட், அமெரிக்கத் தட்டைமுனை பிளக். போன் சார்ஜருக்கு ஒரு அடாப்டர் போதும். நம்மூர் கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சூடே ஏறாது. இன்னொன்று, ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட துணி எதுவாக இருந்தாலும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். குழந்தையின் தொப்பியாக இருந்தாலும் சரி, பையாக இருந்தாலும் சரி. அந்த நாட்டில் அது சட்டப்படி தடை, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பியார்கோ விமான நிலையத்தில் இரவில் இறங்கும்படி இருந்தால், தங்கப்போகும் வீட்டுக்காரர்களிடமே சொல்லி வண்டி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பகலில் ஊருக்குள் போய்வர மாக்சி டாக்சி இருக்கிறது. நம்மூர் மினிபஸ் மாதிரி, வெள்ளை வேனின் பக்கவாட்டில் வண்ணப் பட்டை போட்டிருக்கும். மஞ்சள் பட்டை தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினும் அதன் மேற்குப் பக்கமும், சிவப்பு கிழக்கே, பச்சை ஷகுவானஸ், சான் பெர்னாண்டோ பக்கம், நீலம் டொபாகோ. சிவப்பும் பச்சையும் நகரத்தில் சிட்டி கேட் என்ற இடத்திலிருந்து கிளம்பும். ஆள் நிறைந்தால்தான் புறப்படும். பங்கு டாக்சிகளும் உண்டு, பார்க்கச் சாதாரண கார் மாதிரியே இருக்கும். எண் பலகையில் முதல் எழுத்து 'எச்' என்று இருந்தால் அது உரிமம் உள்ள வாடகை வண்டி. 'பி' என்று இருந்தால் தனியார் கார், அதில் ஏறக் கூடாது. அவசரத்தில் உள்ளூர்க்காரர்களே ஏறுவார்கள், நீங்கள் ஏறாதீர்கள். குழந்தையோடு 12 நாள் என்றால் ஒரு கார் வாடகைக்கு எடுப்பதுதான் உத்தமம். இடது பக்கம்தான் ஓட்டுவார்கள், அதில் நமக்குச் சிரமம் இல்லை. சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். காலை 5.30 முதல் 8.30 வரை தலைநகருக்குள் போகும் சாலையும், பிற்பகல் 3 முதல் 6.30 வரை அங்கிருந்து வெளியே வரும் சாலையும் நகராது. அந்த நேரத்தில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஏறும்போது, கடைக்குள் நுழையும்போது, வரிசையில் நிற்கும்போது முதலில் 'குட் மார்னிங்' சொல்லுங்கள். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். நான் போன முதல் வாரம் ஒரு ரொட்டிக் கடையில் நுழைந்ததும் நேரே எனக்கு வேண்டியதைக் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மாள் கை வேலையை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்து நிதானமாக 'குட் மார்னிங்' என்றார். நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்டார். இருட்டிய பிறகு சந்தித்தால் 'குட் நைட்' என்பார்கள். அங்கே அது விடைபெறும் சொல் இல்லை, வணக்கம். உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவள் முதலில் சொல்லிவிட்டால் அந்தப் பயணம் முழுக்க அவளுக்கு அத்தைகளும் மாமாக்களும் கிடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

சரி, பாதுகாப்பு. இதில் நான் மழுப்ப மாட்டேன். சுமார் 14 லட்சம் பேர் வாழும் அந்த நாட்டில் 2024-இல் 600 பேருக்கு மேல் கொலையானார்கள். அந்த வருடம் டிசம்பர் கடைசியில் அரசு அவசரநிலையே அறிவித்தது. இந்தக் கொலைகளில் பெரும்பகுதி கும்பல்களுக்குள் நடப்பது, தலைநகரின் கிழக்கே லாவெண்டில், பீத்தம், சீ லாட்ஸ், மோர்வன்ட் போன்ற சில பகுதிகளைச் சுற்றி நடப்பது. பயணிகளைக் குறிவைத்து நடப்பதில்லை. ஆனால் வழிப்பறியும் வீடு புகுந்து திருடுவதும் எங்கும் உண்டு. ஒன்பது வருடத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வைத்து உங்களுக்கும் ஆகாது என்று உத்தரவாதம் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நாங்கள் கடைப்பிடித்ததை மட்டும் சொல்கிறேன். மே மாதத்தில் 6.20 வாக்கில் சூரியன் மறையும். அதற்கு முன் வீட்டுக்குள் இருப்போம், அல்லது தெரிந்த வண்டியில் இருப்போம். தலைநகரின் நடுவில் உள்ள சவன்னா மைதானத்தைப் பகலில் சுற்றலாம், இருட்டிய பிறகு குறுக்கே நடக்கக் கூடாது. பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் பகலில், கடை வளாகத்துக்குள் இருப்பதற்கு மட்டுமே போவோம். கழுத்துச் சங்கிலியும் வளையலும் இங்கேயே இருக்கட்டும், தாலிச் சங்கிலியைக்கூட துணிக்குள் மறைத்துப் போட்டுக்கொள்வது நல்லது. கைபேசி வரைபடம் குறுக்கு வழி காட்டினாலும் நெடுஞ்சாலையை விட்டு இறங்காதீர்கள். போலீஸுக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 811, தீயணைப்புக்கு 990. கிளம்பும் வாரத்தில் நிலவரம் எப்படி என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. பிரிட்டன், கனடா அரசுகள் தங்கள் குடிமக்களுக்கு வெளியிடும் பயண அறிவுரையைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் படித்துவிடுங்கள், ஊர்ப் பெயர்களோடு எழுதியிருப்பார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். கரீபியன் கடலில் சைவக் குடும்பம் ஒன்று பசியில்லாமல் சுற்றிவர முடிகிற நாடு எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் டிரினிடாட் என்பேன். காலையில் சாலையோரம் ஒரு குடை, ஒரு மேஜை, அதன் மேல் துணி மூடிய பெட்டி, சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு குனிந்து சாப்பிடுவார்கள். அதுதான் டபுள்ஸ். மஞ்சள் போட்டுப் புளிக்கவைத்த மைதா மாவில் உள்ளங்கை அகலத்துக்குத் தட்டிப் பொரித்த பாரா இரண்டு. மெத்தென்று, ஆவியில் வெந்தது மாதிரி இருக்கும். அதன் மேல் கொண்டைக்கடலைக் குழம்பு, புளிச் சட்னி, வெள்ளரி, குசேலா என்கிற மாங்காய்த் துருவல் ஊறுகாய், அப்புறம் ஷாடோ பெனி என்ற நீட்டுக் கொத்தமல்லித் துவையல். கடைக்காரர் ஒரு கையில் காகிதத்தை விரித்து இன்னொரு கையால் ஐந்தாறு நொடியில் இதையெல்லாம் வைத்து முறுக்கிக் கொடுத்துவிடுவார். காரம் எவ்வளவு என்று கேட்பார். 'ஸ்லைட்' என்றால் துளி. நம்மூர்க் காரம் பழகிய நாக்குதானே என்று 'பெப்பர்' கேட்டுவிடாதீர்கள், அங்குள்ள மிளகாய் வேறு ஜாதி. மகளுக்கு 'நோ பெப்பர்'. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்த பிறகு எத்தனை சாப்பிட்டோம் என்று நாம் சொல்லிக் காசு கொடுப்போம். நான் இருந்த காலத்தில் ஒன்று ஐந்தாறு டாலர், இப்போது கூடியிருக்கும். நல்ல கடையில் 9, 10 மணிக்கு மேல் பெட்டி காலி.

மதியத்துக்கு ரொட்டிக் கடை. தால்புரி என்பது அரைத்த பட்டாணிப் பருப்பை உள்ளே வைத்துத் தட்டிய மெல்லிய ரொட்டி. 'பஸ் அப் ஷட்' என்பது நம் பரோட்டாவைக் கரண்டியால் அடித்துக் கிழித்துப் போட்டது, கிழிந்த சட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். கூட உருளைக்கிழங்கு கடலை, பூசணி, மாங்காய்க் கறி. காலையில் சாதா ரொட்டியும் தணலில் சுட்டுப் பிசைந்த கத்தரிக்காய் சோக்காவும் வைப்பார்கள், அது நம் சுட்ட கத்தரிக்காய்த் துவையலுக்கு ஒன்றுவிட்ட தங்கை. தெற்கே டெபே என்ற ஊரில் சாலையோரம் வரிசையாகப் பலகாரக் கடைகள். சேப்ப இலையில் மாவு தடவிச் சுருட்டிப் பொரித்த சஹீனா அங்கே சாப்பிட வேண்டியது. 'வெஜிடேரியன்' என்று சொன்னால் சில இடங்களில் மீன் பரவாயில்லையா என்பார்கள். அதற்குப் பதிலாக 'வீ ஃபாஸ்டிங்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த நாட்டு இந்துக் குடும்பங்களில் விரதம் என்றால் கறி, மீன், முட்டை எதுவும் இல்லை என்று அர்த்தம், எல்லா ஜாதி மதக்காரர்களுக்கும் அது புரியும். கல்லலூ என்ற கீரைக் கூழில் பெரும்பாலும் நண்டு இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். இட்லி, சாம்பார் தேடாதீர்கள். ஆனால் சந்தையில் கறிவேப்பிலைக் கொத்தைக் காட்டி என்ன பெயர் என்று கேளுங்கள். 'கராப்புலே' என்பார்கள். நம் சொல்தான், நூற்றைம்பது வருடம் கடல் கடந்து அங்கே வாழ்கிறது.

பார்க்க வேண்டியவற்றில் இரண்டுக்கு மட்டும் நேரத்தைக் கண்டிப்பாக ஒதுக்குங்கள். ஒன்று கரோனி சதுப்புநிலம். தலைநகரிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிற்பகல் 4 மணிக்குத் தட்டையான படகில் கூட்டிப்போவார்கள். முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, இருந்தால் ஒரு பைனாகுலர். அலையாத்திக் கால்வாய்க்குள் போகும்போது படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு மேலே காட்டுவார். கிளையில் கயிற்றுப் பந்து மாதிரி ஒன்று சுருண்டிருக்கும், அது மலைப்பாம்பு இனத்துச் சின்னப் பாம்பு, விஷமில்லாதது, அசையாது. அப்புறம் ஒரு பரந்த நீர்ப்பரப்பில் படகை ஒரு கிளையில் கட்டிவிட்டு எல்லோரும் காத்திருப்போம். எதிரே ஒரு பச்சைத் தீவு. 5 மணிக்கு மேல் முதலில் மூன்று, நாலு செந்நிற அரிவாள்மூக்கன்கள் வரும். அந்த நிறத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை, செம்பருத்தி வெயிலில் நிற்கிறதே அந்தச் சிவப்பு. அப்புறம் பத்து, முப்பது, கூட்டம் கூட்டமாக. இருட்டும்போது அந்த மரங்கள் பூத்துக் குலுங்குகிற மாதிரி ஆகிவிடும். அவை தின்னும் நண்டு, இறாலில் இருக்கும் நிறமிதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். டிரினிடாடின் தேசியப் பறவை அது. வேட்டையாடி அழித்துவிடுவார்களோ என்ற பயத்தில் 2018-இல் அதற்குத் தனிப் பாதுகாப்புக் கொடுத்து, ஒரு லட்சம் டிரினிடாட் டாலர் அபராதம் வைத்தார்கள். படகில் சத்தம் போடாமல் இருக்க மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

இன்னொன்று கடலாமை. நீங்கள் போகும் ஏப்ரல் கடைசி, மே, இதற்கு மிகச் சரியான காலம். தோல்முதுகு ஆமைகள் வடகிழக்குக் கரையில் மட்டுரா, கிராண்ட் ரிவியேர் என்ற இரண்டு இடங்களில் முட்டையிட ஏறி வரும். 300, 400 கிலோ எடையுள்ள உயிர். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை அந்தக் கரைகளுக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போகக் கூடாது. மட்டுராவில் நேச்சர் சீக்கர்ஸ் என்ற உள்ளூர் அமைப்பு வழிகாட்டிகளோடு கூட்டிப்போகிறது. ஒருகாலத்தில் ஆமைகள் வெட்டுப்பட்ட கரையை, 1990-இல் ஊர்க்காரர்களே சேர்ந்து காவல் காக்க ஆரம்பித்து மீட்டார்கள். வெள்ளை விளக்கு, கைபேசி ஃபிளாஷ் கூடாது, சிவப்பு விளக்கு மட்டும். ஆமை குழி தோண்டும்வரை தள்ளி நிற்கச் சொல்வார்கள். முட்டையிட ஆரம்பித்ததும் அது ஒருவித மயக்கத்துக்குப் போய்விடும், அப்போது பக்கத்தில் போகலாம். குழி தோண்டும்போது பின்துடுப்பு ஒன்றை மடித்துக் கிண்ணம் மாதிரி மண்ணை அள்ளி வைக்கும், அடுத்த துடுப்பு அள்ளும், கண்ணால் பார்க்காமலே. பெருமூச்சு விடும். என் மகன் அந்த மூச்சைக் கேட்டுவிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கிராண்ட் ரிவியேர் தலைநகரிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேர மலைச்சாலை. பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்து அங்கேயே இரவு தங்கிவிடுங்கள், நள்ளிரவில் திரும்பி ஓட்டிவருகிற யோசனையே வேண்டாம். நாள் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, வார இறுதியைத் தவிர்த்து முன்பதிவு செய்யுங்கள்.

வாட்டர்லூ கடற்கோவில் தனியாகச் சொல்ல வேண்டியது. 1845 மே 30-இல் ஃபடல் ரசாக் என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை இந்தியாவிலிருந்து இறக்கியது. 1917 வரை 1.4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அப்படி வந்த சிவதாஸ் சாது என்பவர் 1947-இல் கரையில் ஒரு சின்னக் கோவில் கட்டினார். நிலம் கரும்புக் கம்பெனிக்குச் சொந்தம் என்று அதை இடித்து, அவரைச் சிறையில் வைத்தார்கள். நிலம்தானே உங்களுடையது என்று அவர் கடலுக்குள் கட்ட ஆரம்பித்தார். கல்லும் சிமென்டும் சைக்கிளிலும் வாளியிலும் சுமந்து, சேற்றுக்கடலில் 25 வருடம். இப்போது இருப்பது 1990-களில் எடுத்துக் கட்டியது, கரையிலிருந்து நடைபாலம் உண்டு. கடல் ஏற்றத்தில் கோவில் நீரில் மிதக்கும், வற்றத்தில் சுற்றிலும் சேறு தெரியும். நீரேற்ற அட்டவணையைப் பார்த்துப் போங்கள். பக்கத்திலேயே தகனத் துறை இருக்கிறது. சிதை எரிந்துகொண்டிருந்தால் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கராப்பிச்சைமாவில் 85 அடி அனுமன் சிலையும், தென்னிந்திய முறையில் கட்டிய கோவிலும் உண்டு.

கூலிகளில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்பூரிக்காரர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் குறைவு. அவர்களை அங்கே 'மதராசி' என்பார்கள். தமிழ் பேச்சு மொழியாக அங்கே இல்லை. ஆனால் முத்து, வீராசாமி, முனுசாமி என்று குடும்பப் பெயர்கள் உண்டு. காளி கோவில்களில் மாரியம்மனும் மதுரை வீரனும் இருக்கிறார்கள். கூவா பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், தப்பு அடித்துக்கொண்டு ஒரு பெரியவர் பாடினார். சில வரிகள் எனக்குத் தெளிவாகத் தமிழாகக் கேட்டன. முடிந்ததும் போய், நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் பாடிய வரிக்கு என்ன பொருள் என்று என்னிடமே கேட்டார். நான் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்தவர்கள் கிட்டே வந்து நின்றார்கள். நீங்கள் போனால் முன்பே அனுமதி கேளுங்கள். சில கோவில்களில் பலி உண்டு, குழந்தையோடு போவதால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. லா பிரேயாவில் இருக்கும் தார் ஏரி சுமார் 100 ஏக்கர், அதன் மேல் நடக்கலாம். காலையில் போங்கள், வெயில் ஏறினால் கால் ஒட்டும். அடையாள அட்டை உள்ள வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள், சில இடங்களில் உள்ளே இழுக்கும். மரக்கஸ் கடற்கரை அழகு, ஆனால் நீரோட்டம் பொல்லாதது. சிவப்புக் கொடி இருந்தால் கால் நனைப்பதோடு சரி.

டொபாகோவுக்கு நாலு நாள் வையுங்கள். விமானத்தில் 25 நிமிடம். படகில் மூன்றரை, நாலு மணி நேரம், குறுகிய நீர்வழியைத் தாண்டும்போது ஆட்டம் பலமாக இருக்கும். பயணத்தில் வாந்தி வருகிற பிள்ளை என்றால் விமானம்தான். படகு நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறும், நான் சொல்லும் எதையும் நம்பாமல் புதிதாகப் பாருங்கள். நைலான் பூல் என்று நடுக்கடலில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு மணல்திட்டு இருக்கிறது, கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறைகளைப் பார்த்துக்கொண்டே அங்கே போகலாம். பவளத்தின் மேல் காலை வைக்க விடாதீர்கள். தீவின் முதுகில் ஓடும் மெயின் ரிட்ஜ் காடு 1776-லிருந்தே சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, காடு கெட்டால் மழை கெடும் என்று அப்போதே உணர்ந்து ஒதுக்கியது. கடற்கரையில் மஞ்சினீல் என்ற மரம், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய்க்கும். காய் கடும் விஷம், மழையில் அதன் கீழ் நின்றாலே தோல் வெந்துவிடும். மகளுக்கு முதல் நாளே காட்டிக் கொடுங்கள். டொபாகோவில் சைவச் சாப்பாடு குறைவு, நண்டும் மீனும்தான் அதிகம். சமையலறை உள்ள வீடாகப் பார்த்து எடுத்து, பருப்பும் மசாலாவும் டிரினிடாடிலிருந்தே வாங்கிப் போங்கள்.

தங்குவதற்கு டிரினிடாடில் ஷகுவானஸ், கூவா பக்கம் பாருங்கள். கரோனி, வாட்டர்லூ, டெபே எல்லாம் அங்கிருந்து பக்கம். ஜனவரியிலிருந்து மே வரை வறண்ட காலம், ஜூனில் மழை ஆரம்பம். விடுமுறையைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமானால் மே 30-ஐ உள்ளடக்கும்படி போங்கள். கப்பல் வந்த நாளை நாடே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறது, அன்று கரையில் நின்று பார்க்கலாம். எதுவானாலும், முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நாள் வாங்குங்கள். டிக்கெட் அப்புறம்.